உயராத கை

கடை,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாயிருக்க வேண்டும் என்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டே பேனாவை எடுத்தேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சர்க்கரை போன மாதம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

உன் புத்தகம் வெள்ளிக்கிழமை வந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு நகர்வதற்குள் தையல் பெண்கள் ஐந்து பேரும் ஊசியைச் சாக்கிலேயே குத்திவிட்டு எழுந்து வந்துவிட்டார்கள். மூத்தவள் கையைத் துடைத்துக்கொண்டு அட்டையைத் தடவிப் பார்த்து, "நம்ம பாப்பாவா இவ்ளோத்தையும் எழுதுச்சு? எப்ப உக்காந்து எழுதியிருக்கும்?" என்றாள். அவளுக்கு அடுத்தவள், உனக்குத் தெரியுமே அந்த வாயாடி, "நீ வாய மூடிட்டு உக்காந்தா நீயுந்தான் எழுதுவ" என்றாள். உன் பெயரை அச்சில் பார்த்ததும் எனக்கு ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. தப்பாக நினைக்காதே. உன் அம்மா போன இந்த ஒன்பது மாதமாக எனக்கு எல்லாமே அப்படித்தான். டீயில் சர்க்கரை போடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உப்பைப் போட்டுக் கொடுத்தாலும் குடித்துவிடுவேன் போலிருக்கிறது. போன வாரம் கோணி ஊசி உள்ளங்கையில் இறங்கியது. மூத்தவள் "ஐயா, ரத்தம்" என்று சொன்ன பிறகுதான் பார்த்தேன். அழுகையும் வரவில்லை. வந்தால் ஒரு வேலை முடிந்த மாதிரி இருக்கும்.

சரி, புத்தகம். நான் எட்டாவதோடு நின்றவன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேள். பதினொரு மணியிலிருந்து ஒரு மணி வரை கடையில் ஈ ஓட்டும் நேரம். அப்போது சாக்குக் கட்டின்மேல் சாய்ந்துகொண்டு ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் படிக்கிறேன். புரியாத பக்கத்தை இரண்டாம் தடவை படிக்கிறேன். அப்போதும் புரியாவிட்டால் அது உன் தப்பு என்று வைத்துக்கொண்டு அடுத்த பக்கம் போகிறேன்.

நீ சொல்ல வருவது பிடிபட்டது என்றுதான் நினைக்கிறேன். நாலு சுவிசேஷத்திலும் தனி ஆளாக வருகிறவனுக்கு ஒரு முகம் இருக்கிறது, ஒரு நோய் இருக்கிறது, ஓர் ஆசை இருக்கிறது. கூட்டமாக வந்தால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே வாய். வேதச் சட்டம் பேசுகிற பரிசேயர் என்றால் மூன்று பேரா முப்பது பேரா தெரியாது. சேர்ந்து வருவார்கள், சேர்ந்து ஒரு கேள்வி கேட்பார்கள், சேர்ந்து முறுமுறுத்துவிட்டுப் போவார்கள். வரி பிரிக்கிற ஆயக்காரர் என்றால் பக்கத்திலேயே பாவிகள் என்று ஒட்டுப் போட்டிருக்கும். அந்த ஆயக்காரரில் ஒருத்தன் மரத்தில் ஏறிவிட்டால் போதும், அவனுக்குப் பெயர் வந்துவிடுகிறது, வீடு வந்துவிடுகிறது, விருந்தாளியும் வந்துவிடுகிறார். பரிசேயரில் சிலரே ஆண்டவரிடம் வந்து, ராஜா உம்மைக் கொல்லப் பார்க்கிறான், இங்கிருந்து போய்விடும் என்று எச்சரித்தார்கள் என்று எழுதியிருக்கிறாயே, வேதத்தை எடுத்துச் சரிபார்த்தேன். இருக்கிறது. நாற்பது வருடமாகக் கோயிலுக்குப் போகிறேன், ஒரு போதகரும் அதை வைத்துப் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்லை. பண்ணினால் மற்ற பிரசங்கமெல்லாம் ஆட்டம் கண்டுவிடுமே.

யூதர்கள் என்ற ஒரே சொல்லுக்குள் கெட்டவர்களையெல்லாம் போட்டுக் கட்டிவிட்டார்கள், ஆண்டவரும் அவர் தாயாரும் கூட நடந்த பன்னிருவரும் அதே ஜனம்தான் என்பதை மறந்தார்கள், பிற்காலத்தில் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டே தெருத் தெருவாக வீடுகளுக்குத் தீ வைத்தார்கள் என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். அதை மூன்று தடவை படித்தேன். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி. நூறு சாக்கு உள்ள கட்டின் மேல் சாக்கை மட்டும் பார்த்து விலை சொல்கிறவன் மூன்றாம் மாதம் கடையை மூடுவான். கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்க வேண்டும். எலி கடித்தது எங்கே, எண்ணெய் பட்டது எங்கே என்று அப்போதுதான் தெரியும்.

ஒரே ஓர் இடத்தில் உன்னோடு எனக்குச் சண்டை. வியாபாரிகளுக்கு அரைப் பக்கம்தான் கொடுத்திருக்கிறாய். எங்கள் ஆட்கள் கூட்டமாக வருகிற இடமே சவுக்கடி வாங்குகிற இடம், அதிலாவது கொஞ்சம் தாராளம் காட்டியிருக்கலாம். புறா விற்றவனை எடுத்துக்கொள். தூரத்திலிருந்து வருகிறவன் பலிக்கான புறாவை வீட்டிலிருந்தே தூக்கி வந்தால் வழியில் செத்துப்போகும். தேவாலய வாசலில் ஒருத்தன் விற்றுத்தானே ஆக வேண்டும்? நாலாவது சுவிசேஷத்தில் ஆண்டவர் காசு மாற்றுகிறவன் மேசையைக் கவிழ்க்கிறார். புறாக்காரனிடம் மட்டும், எடுத்துக்கொண்டு போ என்று வாயால் சொல்கிறார். கூண்டைக் கவிழ்த்தால் உள்ளே இருப்பது உயிர் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நீ அதைக் கவனிக்கவில்லை.

முன்னுரையையும் படித்தேன். ஆறு வருடத்துக்கு முன் நடந்ததை எழுதியிருக்கிறாய். வேதக் கல்லூரிப் படிப்பு முடிந்து நீ நம் சபையின் பரிந்துரைக் கடிதம் கேட்டது, அந்தக் கடிதம் இல்லாமல் போதகராக முடியாது என்பது, அதற்காகச் சபைக் குழு ஒன்பது பேரும் கூடியது, பக்கத்து ஞாயிறு பள்ளி அறையில் உன்னை உட்கார வைத்தது எல்லாம். கதவுக் கண்ணாடி வழியாக, சத்தம் ஒன்றும் கேட்காமல், கைகளை மட்டும் பார்த்தேன் என்கிறாய். கொடுக்க வேண்டாம் என்று எட்டுக் கை உயர்ந்தது, அப்பாவின் கை மட்டும் மேசைமேலேயே இருந்தது என்கிறாய். அதற்கு முந்தின பக்கத்தில் நட்ட நடுவில் ஒரே வரி: எட்டுக் கைகள் உயர்ந்த அறையில் உயராத ஒரு கைக்கு.

பார்த்தேன். தாள் நல்ல தாள். அச்சும் சுத்தம்.

குழந்தைக்குச் சளி என்று எழுதியிருந்தாயே, குறைந்ததா? மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். கர்த்தர் உங்கள் மூவரையும் தம் நிழலில் வைத்துக்கொள்ளட்டும்.

அப்பா

கடை,
திங்கள்கிழமை

அன்பு மகளே,

உன் கடிதம் வந்தது. புத்தகம் இரண்டாம் பதிப்புப் போகிறது என்று எழுதியிருக்கிறாய். சந்தோஷப்பட வேண்டிய செய்தி, பட்டதாகவே வைத்துக்கொள். அடுத்த மாதம் குழந்தையோடு வருகிறாய் என்பதையும், புதுப் போதகர் உன்னை ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துக்கு அழைத்திருக்கிறார் என்பதையும் கடையில் சொன்னேன். வாயாடி, "ஐயா, அன்னைக்கு நாங்க அஞ்சு பேரும் முன் வரிசை, இப்பவே சொல்லிட்டோம், அப்புறம் பெரிய மனுசங்க வந்துட்டாங்கன்னு எழுப்பி விடக்கூடாது" என்றாள். அவர்களில் இரண்டு பேர் வேறு மதம். அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள். நம் மேடையில் ஒரு பெண் நிற்கப்போவது இதுதான் முதல் தடவை.

உனக்கு மாடி அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். அம்மாவின் அலமாரியை நானே காலி பண்ணினேன். துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தேன். மடிக்கும்போது ஒன்றும் ஆகவில்லை. நாற்பது வருடம் சாக்கு மடித்த கை, அது பாட்டுக்கு மடித்தது. கடைசித் தட்டில் உன் பழைய பள்ளிக்கூடச் சான்றிதழ்கள் இருந்தன. எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன்.

நம் தலைமையாசிரியர் கடைக்கு வந்திருந்தார். உனக்கு அவர் பேச்சே பிடிக்காது என்று தெரியும். இருந்தாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. போன வருடம் அவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். எதிரே உட்கார்ந்து, "பிள்ளை புஸ்தகம் போட்டிருக்காமே. நாலு நாள் குடு, தின்னுட மாட்டேன்" என்று கையை நீட்டினார். முதல் கையாக உயர்ந்தது எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த கை என்று நீ எழுதியிருக்கும் புத்தகத்தை அவர் கையிலேயே எப்படிக் கொடுப்பது? கொடுக்காமல்தான் எப்படி இருப்பது? கொடுத்தேன்.

சொன்னபடி நாலாம் நாள் பழுப்புத் தாளில் அட்டை போட்டுத் திருப்பித் தந்தார். "மூணு இடத்துல அச்சுப்பிழை இருக்கு. துண்டுச் சீட்டுல குறிச்சு வெச்சிருக்கேன், ரெண்டாவது பதிப்புல திருத்தச் சொல்லு" என்றார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பரிசேயரைப் பத்தி எழுதினது ரொம்ப நியாயமா இருக்கு. முன்னுரை படிக்கல. எனக்கு எப்பவுமே முன்னுரை படிக்கிற பழக்கம் கிடையாது" என்று சொல்லிவிட்டுக் கோலை எடுத்துக்கொண்டார்.

பிரசங்கத்தைப் பற்றி ஒரு யோசனை. அந்த ஒன்பது பேரைப் பற்றியே பேசப் போகிறேன், கடைசியில் உங்களை எழுந்து நிற்கச் சொல்வேன் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு முழங்கால் வலி. நிற்பது சிரமம். கூட்டம்தான் உன் விஷயம் என்றால் ஐயாயிரம் பேர் சாப்பிட்ட கதையை எடுத்துக்கொள்ளேன். எனக்குப் பிடித்த இடம் அது. கூட்டத்தை ஆண்டவர் கும்பலாக விடாமல் ஐம்பது ஐம்பது பேராகப் பிரித்துப் புல்லில் உட்கார வைக்கச் சொல்கிறார். விநியோகம் தெரிந்தவர் செய்கிற காரியம். ஐம்பது பேராக உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவன் முகம் தெரியும், முட்டி மோதமாட்டான், எல்லாருக்கும் கிடைக்கும். பெண்களையும் பிள்ளைகளையும் எண்ணிக்கையில் விட்டுவிட்டார்கள் என்று நீ புத்தகத்தில் கோபப்பட்டிருக்கிறாயே, அதையும் அங்கே சொல்லலாம். முன் வரிசையில் தையல் பெண்கள் கைதட்டுவார்கள்.

பழையதைக் கிளறி யாருக்கு என்ன லாபம்? அந்த எட்டுப் பேரும் வயதானவர்கள். யோசித்துப் பார்.

குழந்தைக்கு இங்கே என்ன பால் கொடுப்பது, எழுது. கர்த்தர் உன் வழியைக் காக்கட்டும்.

அப்பா

வீடு,
சனிக்கிழமை

மகளே,

உன் பதில் கிடைத்தது. ஐயாயிரம் பேர் வேண்டாம், அந்த ஒன்பது பேர்தான் என்று உறுதியாக எழுதிவிட்டாய். ஆண்டவரை அடக்கம் பண்ணத் தன் கல்லறையையே கொடுத்த அந்தப் பணக்கார ஆலோசனைக்காரரோடு என்னை ஒப்பிட்டிருக்கிறாய். ஆண்டவருக்குத் தண்டனை சொன்ன சங்கத்தில் மற்றவர்களின் யோசனைக்கும் செயலுக்கும் சம்மதிக்காத ஒரே ஆள் அவர், நீங்களும் அப்படித்தான் அப்பா, அன்றைக்கு உங்கள் கை உயராததால்தான் எனக்கு ஊர்மேல் முழு வெறுப்பு வரவில்லை, அந்த ஒரு கைக்காகத்தான் இப்போது திரும்பி வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய்.

இதைக் கடையில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. வீட்டில், சமையலறை மேசையில் எழுதுகிறேன். கடைசி வரை படி. பாதியில் வைத்துவிடாதே.

பழைய சாக்கு ஏலத்துக்கு நீ சின்ன வயதில் என்னோடு வந்திருக்கிறாய். எனக்கு ஒரு கட்டு வேண்டுமென்றால் நான் அந்தப் பக்கமே திரும்பமாட்டேன். தூரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருப்பேன். உன் மாமாதான் கை தூக்குவார். நான் தூக்கினால், இவனே கேட்கிறான், சரக்கில் ஏதோ இருக்கிறது என்று விலை ஏறிவிடும். சரக்கு யாருக்கு வேண்டுமோ அவன் கை தூக்கக்கூடாது. தொழிலில் நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது.

அன்றைக்கு என் கை உயராததற்கும் அதுதான் காரணம்.

உனக்குப் பரிந்துரை கொடுக்க வேண்டாம் என்று முதலில் சொன்னவன் நான். குழு கூடுவதற்கு ஒரு வாரம் முன்பே தலைமையாசிரியர் வீட்டுக்குப் போனேன். அவர் உனக்குச் சார்பாகப் பேசுவதற்குக் குறிப்பே எழுதி வைத்திருந்தார், எடுத்துக் காட்டினார். நான் அவரிடம், "அவளுக்கே இதுல மனசு இல்ல சார். படிச்சுட்டோமேன்னு கேக்குறா. வேண்டாம்னு வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுறா. சபையே வேண்டாம்னு சொல்லிட்டா அவளுக்கு மானமும் போகாது, நிம்மதியாவும் இருக்கும்" என்றேன். அவர், "பிள்ளை உன்கிட்ட சொல்லுச்சா?" என்று கேட்டார். சொல்லிற்று என்றேன். "நீ அப்பன், உனக்குத் தெரியும்" என்று அந்தக் குறிப்பை நாலாக மடித்து வைத்துவிட்டார். மற்றவர்களிடம் அவரைப் பேச வைத்தேன். நான் கை தூக்கினால் பெற்றவனே எதிர்க்கிறான் என்று ஆகும், எனக்காகத் தூக்கிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

எதற்காக என்று கேட்பாய். பரிந்துரை கிடைத்தால் இரண்டு வருடத்தில் உன்னை எந்த ஊர்ச் சபைக்காவது அனுப்பிவிடுவார்கள். முதுகில் மூட்டை சுமந்து உண்டாக்கிய கடை, எனக்கு இருப்பது நீ ஒருத்தி. எங்கேயும் விலை போகாத சரக்கு கிடங்குக்குத் திரும்பி வந்துதானே ஆகும் என்று கணக்குப் போட்டேன். பெற்ற பெண்ணை அப்படி நினைத்தேன். நீ கிடங்குக்குத் திரும்பவில்லை. கடல் தாண்டிப் போய்விட்டாய்.

உன் புத்தகத்தில் எட்டுப் பேரும் ஒரே வாயாக வருகிறார்கள். நீ மற்றவர்களைக் குறை சொன்ன அதே தப்பை இங்கே நீயும் பண்ணியிருக்கிறாய். உன்னைக் குறை சொல்லவில்லை, உனக்குக் கண்ணாடி வழியாகக் கைகள்தான் தெரிந்தன. பிரித்துக் காட்டுகிறேன். பல் வைத்தியர் கையைத் தூக்கிக்கொண்டே கண்ணைத் துடைத்தார். மருந்துக் கடைக்காரருக்கு அன்று என்ன விஷயம் என்றே தெரியாது, தலைமையாசிரியர் தூக்கியதால் தூக்கினார், வெளியே வந்து என்னிடம், "எதுக்குய்யா தூக்குனோம்?" என்று கேட்டார். பஸ் ஓட்டுநர் ஒருத்தர்தான் பெண்கள் மேடையேறக் கூடாது என்று உண்மையாகவே நம்பினவர். மற்றவர்கள் உனக்கு நல்லது செய்வதாக நினைத்தார்கள். தலைமையாசிரியர் கை முதலில் உயர்ந்தது என்று எழுதினாய், சரிதான். ஆனால் உயரும்போது அவர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிலுவையில் அறையும் என்று கத்தின கூட்டத்தைப் பற்றி எழுதும்போது, அந்த ஜனங்களைப் பிரதான ஆசாரியர்கள் ஏவிவிட்டார்கள் என்ற வரியைக் காட்டி, இதை யாரும் கவனிப்பதில்லை, பழியைக் கூட்டத்தின்மேல் போட்டுவிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியில் என்னை வைத்துப் பார். கல்லறை கொடுத்தவர் நானில்லை. செய்கிறது இன்னதென்று தெரியாமல் செய்தவர்களுக்கு ஆண்டவர் மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பில் எட்டுப் பேருக்கும் பங்கு உண்டு. நான் என்ன செய்கிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

உன் அம்மாவுக்கு இது தெரியாது. ஆறு வருடமாக, பார்க்கிறவர்களிடமெல்லாம், "எல்லாரும் கை தூக்கினாங்க, எங்க வீட்டுக்காரர் மட்டும் தூக்கல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், பேச்சுக் குழறின பிறகும், என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஒருத்தர்தானே தூக்கல" என்றாள். நான் "ம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மூன்றாம் நாள் போய்விட்டாள். அன்றைக்கு மரத்தது இன்னும் போகவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் அந்த எட்டுப் பேரும் வரிசையாக நின்றார்கள். நீ ஒவ்வொருவரையும் தாண்டி வந்தாய். தலைமையாசிரியர் இழுத்துக்கொள்ளாத கையை நீட்டினார். நீ தொடவில்லை. நீ நாலு ஆளைத் தாண்டிப் போன பிறகும் அவர் அதை மடக்கவில்லை, அப்படியே வைத்திருந்தார். நீ வந்து என் கையைப் பிடித்தாய். நான் பிடித்துக்கொள்ள விட்டேன்.

அவர் குறித்துக் கொடுத்த துண்டுச் சீட்டைப் போன கடிதத்தோடு அனுப்ப மறந்துவிட்டேன். இதில் வைத்திருக்கிறேன். முதல் பிழை ஒன்பதாம் பக்கம் என்று எழுதியிருக்கிறார். ஒன்பதாம் பக்கம் உன் முன்னுரை. படிக்கவில்லை என்று என்னிடம் சொன்னவர் அதில் ஒரு புள்ளி விட்டுப்போனதைக்கூடக் கண்டுபிடித்திருக்கிறார். தான் யாராக அதில் வருகிறோம், நான் யாராக வருகிறேன் என்று எல்லாவற்றையும் படித்துவிட்டு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கோலை எடுத்துக்கொண்டு போனார்.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் முழுக்க மகன் வீட்டில் இருக்கப் போகிறாராம். இந்த உடம்போடு எதற்கு இவ்வளவு தூரம் என்றேன். "பிள்ளை வந்து மேடையில நிக்கும்போது எதிரே என் மூஞ்சி இருந்தா அதுக்குப் பேச்சு வராது. நான் இல்லாட்டி நல்லாப் பேசும்" என்றார். அவர் மனைவி உள்ளே இருந்து, "கேட்டுச் சொல்லுங்க, பாப்பா பேசறத யாராவது போன்ல பிடிச்சு அனுப்புவாங்களான்னு" என்றார். அனுப்பலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு எழுதுகிறேன்.

நான் கேட்பது மூன்று. இரண்டாம் பதிப்பில் அந்த ஒரு வரியை எடுத்துவிடு. அம்மா பெயரைப் போடு, இல்லாவிட்டால் பக்கத்தை வெறுமையாக விடு. அடுத்தது, ஊருக்கு வந்ததும் முதலில் தலைமையாசிரியர் வீட்டுக்குப் போ. அவரைப் போக வேண்டாம் என்று நான் சொல்லிவிடுகிறேன், இந்தக் கடிதத்தின் நகல் ஒன்று அவர் கையில் இருக்கும். மூன்றாவது, மேடையில் என்ன பேச வேண்டுமோ பேசு. என்னைப் பெயர் சொல்லிப் பேசினாலும் சரி. நான் எப்போதும் உட்காரும் இடத்தில்தான் இருப்பேன். எழுந்து நிற்கச் சொன்னால் நிற்பேன். முழங்கால் வலி என்று போன கடிதத்தில் எழுதியது சாக்கு.

இனிமேல் வராமலே இருந்துவிடலாம் என்று உனக்குத் தோன்றினால் அதற்கும் நான் தயார். மாடி அறை இருக்கும். பால்காரரிடம் சொல்லி வைத்ததை நிறுத்தவில்லை. உனக்கு மன்னிப்பு வருமா என்று நான் கேட்கவில்லை, கேட்கிற இடத்தில் இல்லை.

குழந்தைக்கு என் படத்தைக் காட்டித் தாத்தா என்று சொல்லப் பழக்குகிறாய், இப்போது படத்தைப் பார்த்ததும் அதுவாகவே சொல்கிறது என்று எழுதியிருந்தாய். அதை மட்டும் உடனே மாற்றிவிடாதே. நான் நேரில் ஒரு தடவை கேட்டுவிடுகிறேன்.

நீங்கள் மூன்று பேரும் நன்றாக இருங்கள்.

அப்பா